கைதட்டுகிறவர்களுக்குக் கைதட்டுவது யார்?

எங்கள் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் சியர்டான்ஸ் அணியான யூ.பி. பெப் ஸ்குவாட்டைப் பார்த்து "இது செத்த அணி, இனி எழும்பாது" எண்டு வருசாவருசம் எழுதுகிற பழைய ரசிகர்களை நாங்கள் விசுவாசிகள் எண்டு ஏற்றுக்கொள்ளமாட்டோம். அவர்கள் விசுவாசமாக இருப்பது 2012ஆம் ஆண்டுக்கு. அந்த வருசம் வென்ற கிண்ணத்துக்கு. இன்றைக்கு அந்த மெரூன் சீருடையைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அந்த விசுவாசத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

"மணிலாவில நடக்கிற ஒரு டான்ஸ் போட்டிக்கு நீங்கள் ஏன் இவ்வளவு கத்துறியள்?" எண்டு கேட்கப்போகிற நண்பர்களுக்கு ஒரு வரி. நாங்களும் ரசிகர்கள்தான். ரிக்கெட் எடுக்காத, அரங்கத்தைக் கண்ணால் காணாத, யூடியூபில் மட்டும் பார்க்கிற ரசிகர்கள். பழைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தே அந்த அணியில் ஒட்டிக்கொண்டவர்கள். அதனால்தான் அந்த வீடியோக்களுக்குக் கீழே கொட்டிக்கிடக்கிற வன்மத்தையும் வரி வரியாக வாசித்திருக்கிறோம். இந்தக் கட்டுரை அந்த வன்மத்துக்கான பதில்.

விசயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுவம். யூ.ஏ.ஏ.பி. என்பது 1938இல் தொடங்கிய பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம். இப்போது எட்டுப் பல்கலைக்கழகங்கள் அதில் இருக்கின்றன. கூடைப்பந்து அங்கே கிட்டத்தட்ட ஒரு மதம். ஆட்டத்துக்கு ஆட்டம் தங்கள் கம்பஸுக்காகக் களத்தின் ஓரத்தில் நின்று கத்தி, மேளம் அடித்து, ஆடி உற்சாகம் கொடுக்கிற குழுக்கள் இருந்தன. 1994இல் அந்தக் குழுக்களுக்கென்றே ஒரு போட்டி வைத்தார்கள். அதுதான் சியர்டான்ஸ் போட்டி. சங்கத்தின் ஒட்டுமொத்தச் சம்பியன் யார் எண்டு கணக்கெடுக்கும்போது இந்தப் போட்டியின் புள்ளிகள் அதில் சேர்வதில்லை. ஆனாலும் போட்டி நாளில் பெரிய அரங்கம் நிரம்பி வழியும். கூடைப்பந்து இறுதிப் போட்டிக்கு அடுத்தபடியாகச் சனம் அடிபட்டு ரிக்கெட் எடுப்பது இதற்குத்தான்.

புள்ளிகள் மொத்தம் 800. குட்டிக்கரணம், ஸ்டண்ட், ஆளை மேலே எறிந்து பிடித்தல், மனிதப் பிரமிட் ஆகிய நான்குக்கும் தலா 100. மிச்சம் 400 முழுக்க நடனத்துக்கு. விழுந்தால், நேரம் தவறினால், விதி மீறினால் கழிப்பார்கள். ஒரு வருசத்துப் பயிற்சி ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துபோகும். இரண்டாவது வாய்ப்பு எண்டு ஒன்று கிடையாது.

இதில் யூ.பி.யின் கணக்கு இதுதான்: 1999, 2000, 2001, 2007, 2008, 2010, 2011, 2012. எட்டுப் பட்டங்கள். 2007 முதல் 2012 வரையான ஆறு வருசத்தில் ஐந்து அவர்களுடையது. இடையில் 2009ஐ மட்டும் ஃபார் ஈஸ்டர்ன் யூனிவர்சிட்டி பறித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் யூ.பி.யின் மேளக்காரர்கள் தட்டத் தொடங்கினாலே எதிர் அணி ரசிகர்களின் முகம் மாறிவிடும் எண்டு சொல்லுவார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்தால் அது மிகையாகத் தெரியாது.

2013இல் நஷனல் யூனிவர்சிட்டி முதன்முதலாக வென்றது. அதற்குப் பிறகு 2014, 2015, 2016 எண்டு நான்கு தடவை தொடர்ச்சியாக. 2017இல் அடம்சன். பிறகு திரும்பவும் நஷனல், பிறகு ஃபார் ஈஸ்டர்ன் எண்டு பட்டம் கைமாறிக்கொண்டிருந்தது. 2024இல் நஷனலும் எட்டாவது பட்டத்தைத் தொட்டது. அந்த 2024 வரை, பன்னிரண்டு வருசமாக, யூ.பி.க்கு ஒரு பட்டமும் இல்லை.

இவ்வளவும் தரவு. இனிச் சண்டைக்கு வருவோம்.

ஒரு கம்பஸ், இரண்டு தராசு

யூ.பி. ரசிகர்களுக்குத் தோல்வி புதிதல்ல. தோல்வியை எப்படித் தாங்குவது எண்டு ஆசியாவுக்கே வகுப்பெடுக்கக்கூடியவர்கள் அவர்கள். அவர்களின் ஆண்கள் கூடைப்பந்து அணி 1986இல் சம்பியன் ஆனது. அடுத்த பட்டத்துக்கு 2022 வரை, 36 வருசம் காத்திருந்தார்கள். நடுவில் நடந்ததைக் கேட்டால் அழுகை வரும். 2007இல் 14 ஆட்டங்களில் 14 தோல்வி. 2013இலும் அதே பதினான்குக்குப் பதினான்கு. தொடர்ந்து 27 ஆட்டங்களில் தோற்ற பிறகு, 2014 ஆகஸ்டில் அடம்சனுக்கு எதிராக ஒரேயொரு ஆட்டத்தை வென்றார்கள். அந்த ஒரு வெற்றிக்கு டிலிமான் வளாகத்தில் தீ மூட்டிக் கொண்டாடினார்கள். அங்கே பொன்ஃபயர் என்பது வழக்கமாகச் சம்பியன்கள் கொண்டாடுகிற முறை. இவர்கள் ஒரு வெற்றிக்கே அதைச் செய்தார்கள். நாடு சிரித்தது, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். 2018இல் இறுதிப் போட்டிக்கு வந்து அத்தெனேயோவிடம் தோற்றபோதும் கொண்டாடினார்கள். "இது எங்கட" எண்டு பொருள்படுகிற "ஆத்தின் தோ" என்ற கோசம் அந்தக் காலத்தில்தான் எங்கும் ஒலித்தது.

எங்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். உலக விளையாட்டு வரலாற்றில் ரசிகர்களின் அழகான கதைகளில் ஒன்று எண்டே சொல்லுவோம். தோற்கிற அணியைக் கைவிடாமல், அதைப் பகிடியாகவும் மாற்றாமல், அந்தத் தோல்விக்குள்ளேயே ஒரு சமூகமாகக் கூடி நின்றார்கள்.

இப்போது அதே வருசங்களைத் திரும்ப ஒருக்கால் பாருங்கள். 2007. கூடைப்பந்து அணி ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. அதே 2007இல், சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தின் சலிங்காவி நடனக் குழு தொடர்ந்து ஐந்து வருசம் வைத்திருந்த கிரீடத்தை யூ.பி. பெப் ஸ்குவாட் பறித்து எடுத்தது. அந்தப் பருவம் முழுக்க யூ.பி. மாணவர் ஒருவர் தலை நிமிர்ந்து அரங்கத்தை விட்டு வெளியே வந்த நாள் எண்டால் அது சியர்டான்ஸ் நாள்தான். இது ஒரு வருசக் கதையும் இல்லை. கூடைப்பந்து அணி அடிவாங்கிக்கொண்டிருந்த அந்த இருண்ட காலத்தில் கம்பஸின் மானத்தைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள் இந்த ஆட்டக்காரர்கள்.

அதோடு முடியவில்லை. பெப் ஸ்குவாட்டின் அன்றாட வேலை என்ன? கூடைப்பந்து ஆட்டங்களுக்குப் போய் நின்று உற்சாகம் கொடுப்பது. அப்படியெண்டால் அந்தப் பதினான்கு தோல்விகளிலும் களத்தின் ஓரத்தில் நின்றது யார்? முப்பது புள்ளி பின்னாலே கிடக்கும்போது, ரசிகர்கள் வாகன நெரிசலுக்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேர நழுவிக்கொண்டிருக்கும்போது, சிரித்த முகத்தோடு "யூ.பி. ஃபைட்!" எண்டு கத்தவேண்டியிருந்தது யாருக்கு? ரசிகருக்கு எழும்பிப்போகிற சுதந்திரம் இருக்கிறது, சியர்டான்ஸருக்கு அது இல்லை. கடைசி விசில் வரைக்கும் நிற்பதுதான் அவருடைய வேலை.

தோற்றவனோடு நிற்பது எப்படி எண்டு அந்தக் கம்பஸுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள். இவர்கள் தோற்கத் தொடங்கினவுடன் அந்தப் பாடம் மட்டும் எல்லாருக்கும் மறந்துபோச்சு. கூடைப்பந்து ஒரு ஆட்டம் வென்றால் தீ மூட்டுகிற அதே சனம், சியர்டான்ஸில் மூன்றாம் இடம் வந்தால் "அவமானம்" எண்டு எழுதுகிறது. கூடைப்பந்து வீரன் தோற்றால் "பரவாயில்லையடா தம்பி, போராடினாய்". ஆட்டக்காரி தவறி விழுந்தால் "எங்கட பேரைக் கெடுத்துப்போட்டாள்". இந்த இரண்டு தராசைத்தான் நாங்கள் கேள்வி கேட்கிறோம்.

ஏன் இந்த வித்தியாசம்? எங்களுக்குத் தெரிகிற காரணம் ஒன்று. கூடைப்பந்தில் விளையாடுகிறவனை மனிதனாகப் பார்க்கிறார்கள். அவனுக்கு ஒரு பேர், ஒரு இலக்கம், ஒரு ஊர், ஒரு கதை இருக்கிறது. சியர்டான்ஸரை அலங்காரமாகப் பார்க்கிறார்கள். அந்த இருபத்தைந்து பேரில் ஒருவருடைய பேர்கூட அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவருக்குத் தெரியாது. அலங்காரம் மங்கினால் கழற்றி எறிவதுதானே வழக்கம்? ஒரு பொருளுக்குச் செய்வதை மனிதருக்குச் செய்கிறார்கள்.

"பொற்காலம்" எண்டு ஒரு தடி

சரி, அவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கதைப்பம்.

முதலாவது வாதம்: "நாங்கள் பொற்காலத்தைப் பார்த்தவர்கள். அந்தத் தரத்தைத்தான் திருப்பிக் கேட்கிறோம்."

யாரிடம் கேட்கிறீர்கள்? இந்தச் சங்கத்தில் ஒரு மாணவர் சில வருசம்தான் போட்டியிடலாம். அதற்குப் பிறகு போய்விடவேண்டும். 2012இல் அந்தப் பிரமிட்டின் உச்சியில் நின்ற பெண் இப்போது எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். 2024இல் பதினெட்டு வயதில் கம்பஸுக்குள் நுழைந்த ஒரு பிள்ளைக்கு 2012இல் ஆறு வயது. அந்தப் பிள்ளையிடம் போய் "நாங்கள் தொலைத்ததைத் திருப்பித் தா" எண்டு கேட்பது என்ன நியாயம்? அது தொலைத்ததும் இல்லை, வாங்கி வைத்திருந்ததும் இல்லை. மற்றவர் பட்ட கடனுக்கு வட்டி கட்டச்சொல்லி ஆறு வயதுப் பிள்ளைக்கு நோட்டீஸ் அனுப்புகிறீர்கள்.

பொற்காலத்தை நினைப்பதில் பிழை இல்லை. நாங்களும் நினைக்கிறோம். 2010களில் ஒரு தடவை யூ.பி. பால் சமத்துவத்தைக் கருவாக எடுத்து ஆடியது. மற்ற அணிகளில் ஆண்கள் தாங்க, பெண்கள் மேலே போவதையே பார்த்துப் பழகிய மேடையில், இங்கே பெண்களும் அடியில் நின்று தாங்கினார்கள். ஆறு நிமிட ஆட்டத்துக்குள் ஒரு வாதத்தை வைக்கலாம் எண்டு காட்டிய அணி அது. அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஆனால் ஞாபகம் என்பது கையில் பிடித்துக்கொள்கிற விளக்காக இருக்கலாம். அதைத் தடியாக்கி இப்போது வருகிற பிள்ளைகளின் முதுகில் அடிக்கிற உரிமை ஒருவருக்கும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பொற்காலத்தில் பழகப்பட்ட ஆட்டமும் இன்றைய ஆட்டமும் ஒன்றில்லை. நஷனல் யூனிவர்சிட்டி வந்த பிறகு குட்டிக்கரணமும் ஸ்டண்டும் போன உயரம் வேறு. மற்ற ஏழு அணிகளும் படுத்திருந்து வேடிக்கை பார்க்கவும் இல்லை, அவையும் எழும்பியிருக்கின்றன. யூ.பி. கீழே போனது எண்டு மட்டும் சொல்வது மற்றவர்கள் மேலே வந்ததை மறைக்கிற பேச்சு.

காசும் களவும்

இரண்டாவது வாதம்: "நஷனல் யூனிவர்சிட்டி காசால் வாங்கிய வெற்றி."

காசு இருக்கிறது, உண்மை. நாட்டின் மிகப்பெரிய வணிகக் குழுமங்களில் ஒன்றான எஸ்.எம். குழுமம் 2008இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரும்பங்கை வாங்கியது. அதற்குப் பிறகு அவர்களின் விளையாட்டுத் துறையே மாறியது. 2014இல், 60 வருசத்துக்குப் பிறகு கூடைப்பந்துப் பட்டமும் எடுத்தார்கள். போட்டி நடக்கிற மோல் ஒஃப் ஏசியா அரீனாகூட அதே எஸ்.எம்.மின் அரங்கம்தான். யூ.பி.யோ 1908இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகம். மக்கள் வரியில் படிக்கிறவர்கள் என்பதால் அங்கே மாணவர்களை "இஸ்கோலார் நங் பாயன்", நாட்டின் புலமைப்பரிசிலாளர் எண்டு அழைப்பார்கள். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கேள்வி கேட்பது தேவையான அரசியல். அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் "காசால் வாங்கியது" எண்டு சொல்லும்போது நீங்கள் அடிப்பது எஸ்.எம். முதலாளியை இல்லை. காசு குட்டிக்கரணம் அடிக்காது. இரண்டு ஆள் உயரத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்வது காசு இல்லை, ஒரு இருபது வயதுப் பிள்ளை. 2000களில் பெரிதாக ஒருவரும் பேசாத அணியைப் பயிற்சியாளர் கிக்கா பெர்னாபே எடுத்துக் கட்டியெழுப்பிய உழைப்பு உங்கள் ஒரு கொமென்ட்டில் அழிந்துபோகாது. யூ.பி. கூடைப்பந்து எழும்பியபோது மட்டும் அதன் பழைய மாணவர்கள் வெறுங்கையோடா நின்றார்கள்? "மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை" எண்டு பல்கலைக்கழகத்தின் பேரிலேயே சிலேடை வைத்து அமைப்பு உருவாக்கிக் காசு சேர்த்தார்கள். நல்லது, சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் எங்கட காசு பாசம், அவையின்ர காசு களவு எண்டு சொல்லாதேயுங்கோ.

மூன்றாவது வாதம் இன்னும் மோசம்: "நடுவர்கள் விற்றுப்போனார்கள்." பிலிப்பைன்ஸில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: "லுத்தோங் மக்காவ்". மக்காவில் சமைத்தது, அதாவது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது எண்டு அர்த்தம். ஒவ்வொரு வருசமும் முடிவு அறிவித்து அரை மணித்தியாலத்துக்குள் இந்தச் சொல் வந்துவிடும். நடுவர் தீர்ப்பைக் கேள்வி கேட்கலாம். புள்ளிகளை வகை வகையாக வெளியிடச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் ஆதாரம் ஒன்றும் கையில் இல்லாமல் களவு எண்டு கத்துவது உங்கள் அணிக்குச் செய்கிற உதவி இல்லை. உங்கள் பிள்ளைகள் எங்கே பிந்தினார்கள், எங்கே எண்ணிக்கை தவறியது எண்டு பார்க்கிற கண்ணையே அது மூடிவிடுகிறது. அதோடு நீங்கள் வென்ற எட்டுப் பட்டங்களும் இதே மாதிரி நடுவர்கள் தந்தவைதானே? 2012இல் நேர்மையாக இருந்தவர்கள் 2013இல் இருந்து கெட்டுப்போனார்களா?

விழுவதை எண்ணுகிறவர்கள்

இப்போது எங்களை அதிகம் கோபப்படுத்துகிற விசயத்துக்கு வருகிறோம்.

போட்டி முடிந்த இரவில் பரவுகிற வீடியோக்களைப் பாருங்கள். முழு ஆட்டத்தையும் விட வேகமாக ஓடுவது விழுகிற துண்டுகள். பிரமிட் சரிகிற நொடி. எறியப்பட்ட பெண்ணைப் பிடிக்கவேண்டிய கைகள் அரை நொடி பிந்துகிற நொடி. அதை மெதுவாக ஓட்டி, பாட்டுப் போட்டு, சிரிக்கிற முகங்களை ஒட்டிப் பகிர்கிறார்கள். எதிர் அணிக்காரர் செய்தால் அது எதிரியின் வேலை எண்டு விடலாம். சொந்த அணியின் "விசுவாசிகளே" செய்கிறார்கள். "எத்தனை தரம் விழுந்தினம்?" எண்டு எண்ணிக்கை போடுகிறார்கள்.

அந்த நொடியில் என்ன நடக்கிறது எண்டு யோசித்துப் பாருங்கள். மேலே போகிறவர் தன் கழுத்தையும் முள்ளந்தண்டையும் கீழே நிற்கிற நான்கு பேரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். கீழே நிற்கிறவர்கள் தங்கள் தோள்மூட்டையும் மணிக்கட்டையும் மூக்கையும் கொடுத்து அவரைக் காப்பாற்றுகிறார்கள். தலை அடிபட்டு மூளை அதிர்ச்சி வருவது, கணுக்கால் விலகுவது, எலும்பு முறிவது எல்லாம் இந்தக் கலையில் அபூர்வம் இல்லை. விழுந்த பிறகும் ஆட்டம் நிற்காது. மேளம் நிற்காது. எழும்பி, சிரித்து, அடுத்த எண்ணிக்கையில் சேரவேண்டும். புள்ளி கழித்தாச்சு எண்டு அவர்களுக்குத் தெரியும். வலிக்கிறது எண்டும் தெரியும். ஆனாலும் சிரிப்பார்கள். விளையாட்டில் நாங்கள் பார்த்ததில் இதைவிடப் பெரிய வீரம் அதிகம் இல்லை. அந்த நொடியைத்தான் இவர்கள் பகிடி வீடியோவாக வெட்டுகிறார்கள்.

"பட்டம் வேண்டும், பட்டம் வேண்டும்" எண்டு வருசக்கணக்காகக் கத்துகிற சத்தம் பயிற்சி மண்டபத்துக்குள்ளும் போகிறது. இன்னும் உயரம், இன்னும் கடினம், இன்னும் ஒரு சுழற்சி. தயாராகாத ஒரு ஸ்டண்டை ஆட்டத்துக்குள் போடச்சொல்லி அழுத்துவது அந்தச் சத்தமும்தான். ஆகவே இது வெறும் ரசனை பற்றிய சண்டை இல்லை. ரசிகரின் பசிக்கு யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையின் முழங்கால் விலையாகப் போகக்கூடும். விசுவாசம் எண்டு பேர் வைத்துக்கொண்டு அந்த விலையைக் கேட்காதீர்கள்.

அப்படியெண்டால் எல்லாத்தையும் கைதட்டி ஏற்கவேணுமோ?

இல்லை. இந்தக் கேள்வி வரும் எண்டு தெரியும்.

விமர்சனம் செய்யுங்கள். நன்றாகக் கடுமையாகவே செய்யுங்கள். நடனம் பலவீனம் எண்டால் எந்தப் பகுதியில் எண்டு சொல்லுங்கள். பாட்டுத் தெரிவு சரியில்லையா, அணி மாறும் இடங்களில் குழப்பமா, கரு ஒன்றே இல்லாமல் ஆடுகிறார்களா, சொல்லுங்கள். எங்களிடமும் ஒரு விமர்சனம் இருக்கிறது. 800இல் 400 நடனத்துக்கு எண்டு இருக்கும்போது, நஷனலின் குட்டிக்கரணத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதை விட, யூ.பி. தன் மேளத்தையும் தன் யோசனையையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவேண்டும் எண்டு நினைக்கிறோம். அந்த அணியை அந்த அணியாக ஆக்கியது உயரம் மட்டும் இல்லை, சொல்லுவதற்கு ஒரு விசயம் இருந்ததும்தான். இது பிழையான கருத்தாகவும் இருக்கலாம், வாங்கோ வாதாடுவம். ஆனால் இது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. "செத்த அணி" என்பது ஆட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

அதோடு பக்கத்தில் இருக்கிற சலிங்காவி ரசிகர்களையும் கொஞ்சம் பாருங்கள். யூ.பி.யைப் போலவே எட்டுப் பட்டம். கடைசியாக வென்றது 2006இல். யூ.பி.யை விட ஆறு வருசம் கூடுதலான காத்திருப்பு. அவர்களுக்குள்ளும் புலம்புகிறவர்கள் உண்டு, இல்லையெண்டு சொல்லவில்லை. ஆனால் போட்டி நாளில் அந்த மஞ்சள் பக்கம் மஞ்சளாகவே இருக்கிறது. "கோ உஸ்தே" எண்டு கிளம்புகிற சத்தம் 2006இல் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படியே இன்றைக்கும் கிளம்புகிறது. எதிர் அணியிடம் இருந்தும் படிக்கலாம், வெட்கம் இல்லை.

விசுவாசம் எண்டால் என்ன எண்டு எங்களைக் கேட்டால் நாங்கள் பெரிய தத்துவம் ஒன்றும் சொல்லமாட்டோம். செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லுவோம். விழுந்த துண்டைப் பகிராமல் முழு ஆட்டத்தையும் பகிருங்கள். அந்த இருபத்தைந்து பேரில் ஐந்து பேருடைய பேரையாவது தெரிந்துகொள்ளுங்கள். பட்டம் எப்போது எண்டு கேட்கிற வாயால், இவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கிறதா, பயிற்சி மெத்தை ஒழுங்காக இருக்கிறதா, அடிபட்டு வெளியேறினால் படிப்புச் சலுகை தொடர்கிறதா எண்டும் கேளுங்கள். பழைய மாணவர் சங்கத்தில் செல்வாக்கு இருந்தால் அந்தக் கேள்விகளை அங்கே கொண்டுபோங்கள். கூடைப்பந்துக்குக் காட்டிய பொறுமையில் பாதியை இவர்களுக்குக் காட்டுங்கள். முப்பத்தாறு வருசம் காத்திருந்த கம்பஸ் அது, பன்னிரண்டுக்கே மூச்சு வாங்கினால் எப்படி?

யூ.ஏ.ஏ.பி.யில் எங்களுக்குப் பிடித்த வழக்கம் ஒன்று இருக்கிறது. கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் வென்றவர்களின் கீதம் மட்டும் ஒலிப்பதில்லை. தோற்ற கம்பஸின் கீதமும் ஒலிக்கும், எல்லாரும் எழும்பி நிற்பார்கள். யூ.பி.க்காரர்கள் முட்டியை உயர்த்திப் பிடித்துப் பாடுவார்கள். 2007இல் பதினான்கு தடவையும் அப்படித்தான் பாடினார்கள். அப்போது களத்தில் அவர்களோடு சேர்ந்து முட்டியை உயர்த்தி நின்றவர்களில் பெப் ஸ்குவாட்டும் இருந்தது. தோல்வி எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர்கள் போகவில்லை.

அந்தக் கடன் இன்னும் அடைபடவில்லை. அடைக்கவேண்டியது அரங்கத்தின் இருக்கைகளில் இருக்கிறவர்கள். அடுத்த தடவை மெரூன் சீருடையில் அந்தப் பிள்ளைகள் ஓடி வரும்போது, முதலாவதாக வந்தாலும் எட்டாவதாக வந்தாலும், ஆட்டம் முடிந்து அவர்கள் மெத்தையை விட்டு இறங்கும்வரை எழும்பி நில்லுங்கள். அவர்கள் உங்களுக்காக நின்றதை விட அது மிகக் குறைந்த நேரம்தான்.